ஆலங்கட்டி மழைக்குப் பின் காரின் ஒடுக்கு எடுக்கும் கடை: டல்லாஸிலிருந்து ஒரு மதிப்புரை

டல்லாஸ் வட்டாரத்தில் மார்ச் பிறந்துவிட்டால், வானிலை அறிக்கையில் எல்லோரும் முதலில் தேடுவது ஆலங்கட்டி எத்தனை அங்குலம் வரும் என்பதைத்தான். ஓர் அங்குல விட்டத்தை எட்டிய கட்டியை அமெரிக்க தேசிய வானிலைச் சேவை கடுமையான வகையில் சேர்க்கிறது. அந்த அளவுள்ள கட்டி மணிக்குச் சுமார் 40 முதல் 65 கிலோமீட்டர் வேகத்தில் வந்து விழும். அளவு கூடக் கூட வேகமும் கூடும். டெக்ஸாஸ் இதைவிடப் பெரியவற்றையெல்லாம் பார்த்த மாநிலம். 1995 மே 5 அன்று ஃபோர்ட் வொர்த் நகரின் மேஃபெஸ்ட் விழாவுக்காகத் திறந்தவெளியில் கூடியிருந்தவர்கள்மீது ஆலங்கட்டி அடித்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். 2021 ஏப்ரல் 28 அன்று ஹோண்டோ என்ற ஊரில் விழுந்த கட்டி ஒன்று ஆறு அங்குலத்துக்கும் மேல் விட்டமும் அரைக் கிலோவுக்கும் மேல் எடையும் கொண்டிருந்தது. அவற்றின் பக்கத்தில் வைத்தால், சென்ற வசந்த காலத்தில் டல்லாஸை அடுத்த பிளேனோவில் எங்கள் குடியிருப்பின்மீது எலுமிச்சை அளவில் சிறிது நேரம் பெய்தது ஒன்றுமே இல்லை. அதற்கே, வெட்டவெளியில் நிறுத்தியிருந்த என் காரின் பானெட், மேற்கூரை, டிக்கி மூன்றும் ஒடுக்கு ஒடுக்காகக் குழிந்துவிட்டன. முன் கண்ணாடியும் விரிசல் விட்டது.

இந்த மதிப்புரை, பெயிண்ட் கலையாமல் ஒடுக்கு எடுத்துத் தரும் கடை ஒன்றைப் பற்றியது. குறைகளையும் சொல்லப்போவதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். இங்கே சொல்பவற்றில் பெரும்பாலானவை இந்தத் தொழிலுக்கே பொதுவானவை. வேலைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். அலுவலக நிர்வாகத்துக்குப் பாதிகூடத் தர மனம் வரவில்லை.

டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிப்பதுதான் கார் வேலை என்று பழகிய நமக்கு இந்த முறை முதலில் நம்பிக்கை தராது. இதில் பட்டியும் இல்லை, பெயிண்டும் இல்லை. உட்கூரைத் துணியையும் பின்விளக்குகளையும் கழற்றிவிட்டு, தகட்டின் அடிப்பக்கத்திலிருந்து நீண்ட இரும்புக் கம்பிகளால் நெம்பி நெம்பி ஒடுக்கை மேலே தள்ளுகிறார்கள். என் கார் வேலையைச் சிறிது நேரம் அருகில் நின்று பார்க்க அனுமதித்தார்கள். காரின்மேல் வரிவரியாக ஒளிரும் விளக்குப் பலகை ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தார்கள். நல்ல தகட்டில் அந்த வரிகள் நேராகப் பிரதிபலிக்க, ஒடுக்கு உள்ள இடத்தில் மட்டும் வளைந்து சுழித்தன. தொழிலாளி தன் கையையோ கம்பியையோ பார்க்கவில்லை. கண் முழுவதும் அந்த வரிகளின்மேல் இருந்தது. ஒரே அழுத்தில் தள்ளினால் தகடு மேல்நோக்கிப் புடைத்துவிடும் என்பதால், குழியின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சிறுகச் சிறுகத் தள்ளினார். அப்படியும் புடைத்த இடங்களை நைலான் முனையுள்ள உளியால் மெல்லத் தட்டிச் சமன் செய்தார். கம்பி நுழைய வழியில்லாத இடங்களில், பசை தடவிய சிறு பிளாஸ்டிக் குமிழ்களை வெளியே ஒட்டி இழுத்தார். வரிகள் நேராகும் வரை விடாத அந்தப் பொறுமைக்காகவே இந்தக் கடையைப் பரிந்துரைப்பேன்.

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. பெயிண்ட் வெடித்திருந்தால் இது பயன்படாது; அந்தப் பாகத்தைப் பழைய முறையில் சரிசெய்ய வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். அலுமினியப் பாகங்கள் எஃகைப் போல இணங்கி வராததால் அவற்றுக்குக் கூலி அதிகம். கதவுக்கு மேலுள்ள சட்டம் இரட்டைத் தகடு என்பதால், அங்கே விழுந்த ஒடுக்கு ஒன்று இன்னும் லேசாகத் தெரிகிறது. அதை முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள் என்பதால் குறையாகக் கொள்ளவில்லை. ஆனால் உட்கூரைத் துணியைத் திரும்பப் பொருத்தியபோது கிளிப் ஒன்றைச் சரியாக மாட்டாமல் விட்டதால் நெடுஞ்சாலையில் கடகடவென்று சத்தம் வந்தது; மறுபடி கொண்டுபோய்க் காட்டியதும் சரிசெய்து தந்தார்கள்.

எரிச்சலூட்டியது அலுவலக நிர்வாகம்தான். காப்பீட்டு நிறுவனம் படங்களை மட்டும் பார்த்துப் போட்ட முதல் மதிப்பீடு மிகக் குறைவாக இருந்தது. இது இங்கே வழக்கமாக நடப்பதுதான். ஒவ்வொரு பாகத்திலும் எத்தனை ஒடுக்கு, ஒவ்வொன்றும் எந்த நாணயத்தின் அளவு என்று எண்ணிப் போடும் விலைப்பட்டியலின்படி, விடுபட்டவற்றுக்குக் கடை கூடுதல் கோரிக்கை அனுப்ப வேண்டும். இந்தக் கடை அதை அனுப்பியதாக என்னிடம் சொன்னது. காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்டால் வரவில்லை என்றார்கள். நடுவில் நின்று இரு பக்கமும் தொலைபேசியில் பேசி முடிப்பது என் பொறுப்பாகிவிட்டது. முன் கண்ணாடி மாற்றிய பிறகு, அதன் பின்னிருந்து சாலையைக் கவனிக்கும் கேமராவைத் திரும்பத் துல்லியமாகச் சரிப்படுத்த வேண்டும் என்பதையும் நான் கேட்ட பிறகே மதிப்பீட்டில் சேர்த்தார்கள். இவ்வளவு நேர்த்தியான கைவேலை உள்ள இடத்தில் ஒரு மின்னஞ்சலை ஒழுங்காக அனுப்ப ஆள் இல்லாதது வியப்புதான்.

இருந்தும், வாகன நிறுத்துமிடங்களில் கூடாரம் போட்டுக்கொண்டு வந்து இறங்குபவர்களிடம் போகாமல் நிலையான கடைக்குப் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆலங்கட்டி எங்கே விழுகிறதோ அந்த ஊருக்குச் செல்வதே இத்தொழிலில் பலரின் பிழைப்பு. அவர்களிலும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கிளிப் கழன்றால் காட்டுவதற்குக் கடை அங்கே இருக்க வேண்டுமே! காப்பீட்டு நிறுவனம் தன் பட்டியலில் உள்ள கடையைத்தான் முதலில் சொல்லும். எந்தக் கடை என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை டெக்ஸாஸ் சட்டப்படி வண்டியின் சொந்தக்காரருக்கே உண்டு.

போகிறவர்களுக்கு இரண்டு யோசனைகள். காரைத் திரும்ப எடுக்கும்போது வெயிலில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த வரிவிளக்கின் கீழேயே ஒவ்வொரு பாகத்தையும் காட்டச் சொல்லுங்கள். உத்தரவாதத்தைத் தாளில் எழுதி வாங்குங்கள்.

என் கையிலிருந்து போனது, காப்பீட்டில் நான் ஏற்க வேண்டிய 500 டாலர்; மீதியைக் காப்பீடு கட்டியது. அதே பருவத்தில் இன்னொரு ஆலங்கட்டி மழை அடித்தால் அது தனிக் கோரிக்கையாகும், 500 டாலரையும் மறுபடி கட்ட வேண்டும் என்பதால், எங்கள் குடியிருப்பில் கூரையுள்ள நிறுத்துமிடத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்திருக்கிறேன்.