முதல் தடவை நல்ல துணி மெர்மெய்ட் வால் வாங்குறவங்களுக்கு: பல சீசன் போட்டு நீந்துன அனுபவம்

கடற்கன்னி மாதிரி நீந்துறதுக்கு இடுப்புக்குக் கீழ போட்டுக்கிற துணி வால் வாங்கணும்னு நினைக்கிற எல்லாரும் முதல்ல பாக்குறது கலரும் செதில் டிசைனும்தான். ஆனா தண்ணிக்குள்ள உங்கள முன்னாடி தள்ளுறது துணி இல்ல, உள்ள இருக்குற மோனோஃபின். ரெண்டு பாதத்தையும் சேத்து மாட்டிக்கிற அந்த ஒத்தத் துடுப்புதான் உண்மையான வால், மேல இருக்குறது தலகாணிக்குப் போடுற உறை மாதிரி. அதனால பட்ஜெட் போடும்போது முதல்ல ஃபின்னுக்கு எடுத்து வைங்க, மிச்சத்துல துணி பாருங்க. இத்தன நாள் போட்டு நீந்துனதுல நான் அடிச்சு சொல்லக்கூடியது இதுதான், கீழ எழுதப்போறது எல்லாமே இத ஒட்டித்தான்.

நான் இருக்குறது ஃப்ளோரிடாவுல, டாம்பா பக்கம். இந்த ஊர்ல கடற்கன்னி வால யாரும் வேடிக்கையா பாக்க மாட்டாங்க. வடக்கால ஒரு மணி நேரம் வண்டி ஓட்டுனா வீக்கி வாச்சி ஊத்து, அங்க 1947-ல நியூட்டன் பெர்ரின்னு ஒருத்தர் ஆரம்பிச்ச ஷோ இன்னைக்கும் நடக்குது, பொண்ணுங்க குழாய்ல காத்து இழுத்துக்கிட்டு தண்ணிக்கு அடியில நடிப்பாங்க, ஜனங்க கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்து பாப்பாங்க. அதே ஷோவுல சின்ன வயசுலயே நடிச்ச எரிக் டுஷார்ம்தான் பின்னாடி மெர்டெய்லர்னு வால் செய்யுற கம்பெனி நடத்துறாரு. ஊத்துத் தண்ணி வருஷம் பூரா 22, 23 டிகிரிலயே இருக்கும், அது ஏன் முக்கியம்னு துணி பத்தி பேசும்போது சொல்றேன்.

விலை எப்படின்னா, ஃபின்னோட சேத்து வர்ற சாதாரண துணி வால் 100 டாலர் சுத்தி கிடைக்கும். இதுல ஃபின் ஃபன் மாதிரி பெரிய கம்பெனிங்க இருக்கு, ரெடிமேட் சைஸ்ல வரும். கனமான துணி, அழகுக்காக கூடுதலா சின்னச் சின்ன மீன் துடுப்புங்க, உங்க அளவுக்குத் தைச்சதுன்னு போனா 250-ல இருந்து 600 வரைக்கும் ஆகும். சிலிகான் வால் வேற உலகம், ஆயிரக்கணக்குல விலை, வெயிட்டே 15 கிலோவத் தாண்டலாம், காருல ஏத்தி இறக்க இன்னொரு ஆளு வேணும். துணி வால் ஃபின்னோட சேத்தே பெரும்பாலும் 3 கிலோவுக்குள்ளதான். முதல் வாலுக்கு சிலிகான் பக்கமே போகாதீங்கன்னு சொல்லுவேன், காசுக்காக மட்டும் இல்ல, துணி வாலத்தான் வாரா வாரம் எடுத்துட்டுப் போய் நீந்துவீங்க, நீந்துனாத்தான் பழக்கம் வரும்.

சரி ஃபின்னுக்கு வருவோம். மோனோஃபின் கடற்கன்னிக்காக வந்ததே இல்ல, 1970-கள்ல சோவியத் பக்கம் ஃபின் நீச்சல் போட்டிக்காக வந்தது. இப்ப கிடைக்கிறத மூணு வகையா பாக்கலாம். ஒண்ணு பிளாஸ்டிக் தகடு, அதுல நியோபிரீன்னு சொல்ற பஞ்சு மாதிரி ரப்பர் செருப்பு மாதிரி ஒட்டியிருக்கும், காலுக்கு மெத்துன்னு இருக்கும், உதறுனா சட்டுன்னு கழண்டுடும், விலையும் கம்மி, ஆனா தகடு ஒரே விறைப்பா இருக்குறதால வேகமா உதைச்சா தண்ணிய அறையுதே ஒழிய தள்ளாது. ரெண்டாவது முழுக்க ரப்பர், ஆஸ்திரேலியாக்காரங்களோட மஹினா அப்படித்தான், மறுசுழற்சி பண்ண ரப்பர்ல செய்றாங்க, பாக்கவே வால் வடிவத்துல இருக்கும், துணி இல்லாமயும் போடலாம், நல்லா வளையும். மூணாவது ஃபைபர்கிளாஸ் தகடும் (பிளேடுன்னு சொல்லுவாங்க) பாதத்த நுழைக்கிற ரப்பர் பாதப்பையும், ஃபினிஸ் காம்பெடிட்டர், எஸ்டோனியாவுல செய்யுற லீடர்ஃபின்ஸ் எல்லாம் இந்த ரகம், இதுல உதை முடியுற இடத்துல பிளேடு திரும்பி வந்து ஒரு தள்ளு தள்ளும் பாருங்க, அத ஒரு தடவ அனுபவிச்சுட்டா மத்தது எதுவும் பிடிக்காது.

நான் எடுத்தது மூணாவது ரகம், கொஞ்சம் விறைப்பு கம்மியான பிளேடு. விறைப்பான பிளேடு வேகம் கொடுக்கும்தான், ஆனா கணுக்காலும் கெண்டைக்காலும் தயாரா இல்லன்னா பத்து நிமிஷத்துல கால் பிடிச்சுக்கும். பாதத்த நீட்டி வச்சு வயித்துல இருந்து அலை மாதிரி வர்ற உதைதான் வேணும், முட்டிய மடக்கி சைக்கிள் மிதிக்கிற உதை இல்ல. ஃபின் வந்ததும் துணி ஆர்டர் போடாம வெறும் ஃபின்ன மட்டும் மாட்டிக்கிட்டு ரெண்டு மாசம் கிட்ட நீச்சல் குளத்துல நீந்துனேன், அதுதான் நான் எடுத்ததுலயே நல்ல முடிவு. பாதப்பை எங்க உராயுது, சாக்ஸ் போட்டா சரியாகுமா, ஒரு சைஸ் பெருசு வேணுமான்னு எல்லாம் அப்பத்தான் தெரியும், துணிக்குள்ள போன பிறகு தெரிஞ்சு பிரயோஜனம் இல்ல. பாதம் குளிர்ந்த தண்ணில கொஞ்சம் சுருங்கலாம், அதனால கடையில காஞ்ச காலோட போட்டுப் பாத்து சரியா இருக்குன்னு எடுத்தா தண்ணில லூஸாத் தெரியலாம். அதே சமயம் உயிர் போற மாதிரி டைட்டாவும் இருக்கக்கூடாது, அவசரத்துல உதறிக் கழட்ட வரணும்.

இப்ப துணி. பனியன் துணி மாதிரி நாலு பக்கமும் இழுபடணும், இது அடிப்படை. விலை கம்மி வால் பெரும்பாலும் நீச்சல் டிரஸ் தைக்கிற மெல்லிசு துணி, நல்ல வால்ல ஸ்கூபா நிட்டுன்னு சொல்ற பாலியஸ்டரும் இழுபடுற ஸ்பான்டெக்ஸ் நூலும் கலந்த கனமான துணி வரும். வித்தியாசம் என்னன்னா மெல்லிசு துணில உங்க ரெண்டு முட்டியும் தொடைக்கு நடுவுல இருக்குற கோடும் அப்படியே தெரியும், கனமான துணி அதையெல்லாம் மறைச்சு ஒரே உடம்பா காட்டும். ஊத்துத் தண்ணி 22 டிகிரின்னு சொன்னேன்ல, இருபது நிமிஷம் தாண்டுனா உடம்பு நடுங்கும், கனமான துணி போட்டா இடுப்புக்குக் கீழயாவது அந்தக் குளிர் கொஞ்சம் தாமதமா ஏறும். ஆனா கனமான துணி நிறைய தண்ணிய பிடிச்சு வச்சுக்கும், கரைக்கு ஏறும்போது அந்த வெயிட்டு தெரியும், அதனால வால் நுனில தண்ணி வடிய வழி இருக்கான்னு கட்டாயம் கேளுங்க.

பிரிண்ட்ல ஒரு சூட்சுமம் இருக்கு. சூட்டுல சாயத்த நூலுக்குள்ள ஏத்துற சப்ளிமேஷன் பிரிண்ட் பாலியஸ்டர்லதான் நல்லா பிடிக்கும், அவ்வளவு சீக்கிரம் வெளுக்காது. ஆனா அடித்துணி வெள்ளையா இருந்தா, இடுப்பு தொடை பக்கம் நல்லா இழுபடும்போது உள்ள இருக்குற வெள்ளை எட்டிப் பாக்கும், போட்டோல அந்த இடம் மட்டும் வெளிறித் தெரியும். வாங்குறதுக்கு முன்னாடி, ஆள் போட்டு நீந்துற படம் அனுப்புங்கன்னு கேட்டு இடுப்புப் பக்கத்த பெருசாக்கிப் பாருங்க, பொம்மைக்கு மாட்டுன படத்த நம்பாதீங்க. அடுத்து செதில், இடுப்புல பெருசா ஆரம்பிச்சு கணுக்காலுக்கு வரும்போது சின்னதாகணும், பக்கவாட்டுத் தையல்ல ரெண்டு பக்க செதிலும் ஓரளவு சேரணும், இதப் பாத்தாலே செஞ்சவங்க கவனம் தெரிஞ்சிடும். மினுமினுப்புக்கு ஆசப்பட்டு ஃபாயில் ஒட்டுன துணி எடுத்தா குளோரின்ல அந்தப் பளபளப்பு உரிஞ்சுடும். ஜிகினா வெச்சது போட்டோவுக்கு மட்டும்தான், நீந்த இல்ல, கையிலயும் முதுகிலயும் கீறிடும்.

அளவு எடுக்குறது பத்தி கொஞ்சம் விலாவாரியா சொல்லணும், ஏன்னா தைச்சு வர்ற வால திருப்பி அனுப்ப முடியாது. இடுப்பு, பிட்டம், தொடை, முட்டிக்கு மேல, முட்டி, கெண்டைக்கால், கணுக்கால் எல்லாம் ரெண்டு காலையும் சேத்து வச்சு எடுக்கணும், தனித்தனிக் கால் அளவு உதவாது. நீளம், பாதத்த நீட்டி படுத்துக்கிட்டு இடுப்புல இருந்து விரல் நுனி வரைக்கும், நின்னுக்கிட்டு எடுத்தா குட்டையா வந்துடும். இன்னொருத்தர் எடுத்துக் கொடுத்தா நல்லது, எனக்கு அக்கா வந்து எடுத்துக் கொடுத்தாங்க. ஈரமானா துணி இன்னும் தளரும், அதனால காய்ஞ்சிருக்கும்போது போட சிரமப்படுற அளவுக்கு இறுக்கமா இருக்குறதுதான் சரியான அளவு, கரையில ஈஸியா ஏறுற வால் தண்ணில இடுப்ப விட்டு இறங்கும். முக்கியமா உங்க ஃபின்ன பேப்பர்ல வச்சு சுத்தி கோடு இழுத்து அந்தப் படத்த தைக்கிறவங்களுக்கு அனுப்புங்க. ஃபின் ஒரு வடிவம் துணி ஒரு வடிவம்னா பிளேடுக்கு வெளிய இருக்குற துணி மூலைங்க ஒவ்வொரு உதைக்கும் மடங்கும், பாக்கவும் நல்லா இருக்காது, உதையும் வீணாப் போகும். அந்த மூலைல மெல்லிசு நியோபிரீன் வச்சுத் தைச்சா நிமிந்து நிக்கும், ஆனா நியோபிரீன் மிதக்கும், ரொம்ப வச்சா கால் மேல தூக்கும்.

என்னோடது ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்ல அளவு கொடுத்துத் தைச்சது. முதல் சீசன்ல குறையே இல்ல. ரெண்டாவது சீசன்ல கடல்ல போட ஆரம்பிச்ச பிறகு பின்பக்க ஜிப் உப்புல இறுகி நடுவுலயே நின்னுச்சு, உள்ள உலோக ஜிப் வச்சிருந்தாங்க, பிளாஸ்டிக் பல்லு ஜிப்ப மாத்தித் தைச்ச பிறகு இன்னைக்கு வரைக்கும் பிரச்சனை இல்ல. ஜிப்பே இல்லாம உள்ள நுழையுற வால் இன்னும் ஆயுசு கூட, ஆனா மாட்ட நேரம் ஆகும், முடிவு உங்களோடது. தேய்மானம் எங்க வருதுன்னா, கண்டிப்பா வால் நுனி ரெண்டும், குளத்துத் தரை சொரசொரன்னு இருக்கும், திரும்பும்போது அது தேய்க்கும். அடுத்தது உக்கார்ற இடம், குளத்து விளிம்புல உக்காந்து நகருவோம் பாருங்க, துணி அங்க உருண்டை உருண்டையா பிசிறு தட்டிடும். இப்ப ஒரு துண்டு விரிச்சுத்தான் உக்கார்றேன். நுனிக்கு, டைவிங் பண்றவங்க போடுற வெட்சூட் டிரஸ்ஸ ஒட்டுற யூரித்தேன் பசைய மெல்லிசா தடவி காயவிட்டேன், நல்லா பிடிச்சிருக்கு. ஓட்டைய வீட்லயே தைக்கிறவங்க இழுபடுற துணிக்கான ஊசி, ஜிக்ஜாக் தையல் போடுங்க, நேர்த் தையல் போட்டா முதல் உதைலயே நூல் அறுந்துடும்.

பராமரிப்பு சுருக்கமா: குளோரின் ஸ்பான்டெக்ஸ தின்னுடும், அதனால ஏறுனதும் நல்ல தண்ணில அலசுங்க, பிழியாதீங்க, ஃபின்ன கழட்டி தனியா வைங்க, துணிய உள்பக்கம் வெளிய திருப்பி நிழல்ல காயப்போடுங்க. வால் நுனி காய ரெண்டு நாள் கூட ஆகும், காயாம மடிச்சு வச்சா நாத்தம் போகவே போகாது. வாஷிங் மெஷின், டிரையர் ரெண்டும் வேண்டாம்.

பாதுகாப்பு விஷயத்துல மட்டும் நான் விட்டுக் கொடுக்கவே மாட்டேன். தனியா நீந்தாதீங்க, எவ்வளவு நல்ல நீச்சல்காரங்களா இருந்தாலும். ஒருத்தர் கீழ போனா ஒருத்தர் மேல நின்னு பாக்கணும். மூச்சடக்குறதுக்கு முன்னாடி வேக வேகமா மூச்சு இழுத்து விடுற பழக்கம் ரொம்ப ஆபத்து, உடம்புல கார்பன் டை ஆக்ஸைடு குறைஞ்சு மூச்சு வாங்கணும்ங்கிற உந்துதலே வராம தண்ணிக்குள்ளயே மயங்கிடுவாங்க. வால் வந்த அன்னைக்கே நெஞ்சளவு தண்ணில நின்னுக்கிட்டு கழட்டிப் பழகுங்க, கண்ண மூடிக்கிட்டும் கழட்ட வரணும். பாடி, எஸ்எஸ்ஐ ரெண்டு டைவிங் அமைப்புமே இப்ப மெர்மெய்ட் கோர்ஸ் நடத்துது, மீட்பும் சொல்லிக் கொடுப்பாங்க, வால்ல போடுற காசுல கொஞ்சத்த அங்க போடுங்க. பல ஹோட்டல் குளங்கள்ல வாலுக்குத் தடை இருக்கு, முன்னாடியே போன் பண்ணிக் கேட்டுடுங்க. இங்க ஃப்ளோரிடாவுல கிரிஸ்டல் ரிவர் பக்கம் போறவங்க, மானடீங்கிற கடற்பசு கிட்ட வந்தா அசையாம மிதந்தா போதும், துரத்தவோ தொடவோ கூடாது, 1972-ல வந்த கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டப்படி அதுங்க பாதுகாக்கப்பட்ட உயிரினம்.

பொண்ணுக்கு வாங்கலாமான்னு நிறைய பேர் கேக்குறீங்க. ஆழத்துல நின்ன இடத்துலயே மிதக்கத் தெரியணும், குப்புற இருந்து மல்லாக்கத் திரும்பத் தெரியணும், குளத்தோட நீளத்த கைப்பிடி இல்லாம கடக்கத் தெரியணும், அதுவரைக்கும் வேண்டாம். தெரிஞ்ச பிறகும் பிளாஸ்டிக் தகடு, நியோபிரீன் பாதப்பை ரகம்தான், கழட்ட சுலபம், வளர்ற காலுக்கு அதுக்கு மேல செலவு பண்ணத் தேவையில்ல. நீங்களும் தண்ணிக்குள்ளயே, கைக்கு எட்டுற தூரத்துல நிக்கணும், கரையில உக்காந்து பாக்குறது போதாது.

என் துணி இப்ப முட்டிப் பக்கம் நல்லாவே தளந்துடுச்சு, பச்சை கொஞ்சம் மங்கிடுச்சு, ஃபின் மட்டும் வாங்குன அன்னைக்கு எப்படி தள்ளுச்சோ அப்படியே தள்ளுது. அதனால அடுத்ததுக்கு துணி மட்டும்தான் ஆர்டர் போட்டிருக்கேன், அதே ஃபின்னோட கோட்டுப் படத்த அனுப்பி, இந்தத் தடவ ஜிப் இல்லாம, இடுப்புல உள்பக்கம் வழுக்காத சிலிகான் பட்டை வச்சு. தைச்சு வர ரெண்டு மாசம் ஆகும்னு சொல்லியிருக்காங்க, அதுவரைக்கும் பழையதுலயே ஓட்டலாம்.