பிரிக்ஸ் மீட்டரா, அகச்சிவப்புக் கருவியா? பீடோர் பழக்காரர்களுக்கு எது சரி

மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பீடோர், தாப்பா வட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்களை ஒட்டிக் கொஞ்சம் நிலம் பிடித்து கொய்யா, பப்பாளி போடும் நம் குடும்பங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பழத்தின் இனிப்பை எண்ணாகச் சொல்லத் தெரிந்தால், பழத்தை வாங்கும் தவுக்கே (முதலாளி) சொல்லும் விலைக்கெல்லாம் தலையாட்ட வேண்டியதில்லை.

பிரிக்ஸ் மீட்டருக்கு ஒரு துளி சாறு போதும். சாற்றில் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை வைத்து இனிப்பைக் காட்டும். 100 கிராம் கரைசலில் 1 கிராம் சர்க்கரை இருந்தால் 1 பிரிக்ஸ். அளவுகோல் 20 டிகிரி வெப்பத்துக்கு வகுக்கப்பட்டது. நம் ஊர் 30 டிகிரியில் சுமார் முக்கால் பிரிக்ஸ் குறைத்துக் காட்டும். அதனால் வெப்பத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் ரகமாகப் பார்த்து வாங்குங்கள். குறை ஒன்றுதான்: அளந்த பழத்தை விற்க முடியாது.

அகச்சிவப்புக் கருவி பழத்தை வெட்டாது. 700 முதல் 1100 நானோமீட்டர் வரையுள்ள ஒளியைத் தோல் வழியே சதைக்குள் அனுப்பி, திரும்பி வருவதைப் படிக்கும். மரத்தில் இருக்கும் அதே காயை வாராவாரம் அளக்கலாம். மாங்காயில் இது பெரிய பலம். காயின் மாவுச்சத்துதான் பிறகு சர்க்கரையாகிறது. உலர்பொருளின் (தண்ணீர் போக மிஞ்சும் பொருளின்) அளவை முன்கூட்டியே பார்த்தால், பழுத்தபின் எவ்வளவு இனிக்கும் என்று கணிக்கலாம்.

ஆனால் பழத்தில் பெரும்பகுதி தண்ணீர். 970 நானோமீட்டர் அருகே தண்ணீர் ஒளியை நன்றாக உறிஞ்சிவிடும், சர்க்கரையின் அடையாளம் அதில் அமுங்கிப்போகும். அதைப் பிரித்தெடுக்க, ஏராளமான பழங்களை அளந்து, வெட்டி, சாற்றின் பிரிக்ஸோடு ஒப்பிட்டுக் கணக்கு உருவாக்க வேண்டும். ரகமோ பருவமோ பழத்தின் சூடோ மாறினால் அந்தக் கணக்கும் தடுமாறும். வெளிநாட்டு ஆப்பிளுக்குப் போட்ட கணக்கு நம் கொய்யாவுக்கு ஆகாது. டுரியான் போன்ற தடித்த தோலுக்குள் ஒளி சரியாகப் போவதும் இல்லை.

தோலின் நிறத்தை அளக்கும் நிறமானி என்ற கருவியும் உண்டு. அது பப்பாளிக்குச் சரி, பச்சை குறைந்து மஞ்சள் ஏறுவதைப் பிடித்துவிடும். பச்சையாகவே தின்னும் கொய்யாவுக்கு வேண்டாம்.

என் கருத்தில், தனி விவசாயி பிரிக்ஸ் மீட்டர் வாங்கினால் போதும். அகச்சிவப்புக் கருவிக்குப் பல ஆயிரம் ரிங்கிட் ஆகும். பலருடைய பழம் வந்து சேரும் சேகரிப்பு நிலையத்துக்குத்தான் அது கட்டுப்படியாகும், அதுவும் கணக்கைப் புதுப்பிக்க ஆள் இருந்தால். அந்தக் கருவியை விற்பவர் இயக்கிக் காட்ட வந்தால், உங்கள் மரத்துப் பழம் இருபதைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். அப்புறம் அவர் கண்ணெதிரிலேயே அவற்றை வெட்டி, பிரிக்ஸ் மீட்டரில் சரிபாருங்கள்.