ஃபுளோரிடா நீரூற்றுப் பூங்கா போகும் வழியில் கயாக் வாடகைக்கு எடுப்பவர்கள் கவனத்துக்கு

ஆர்லாண்டோ பக்கம் சுற்றுலா போகும் தமிழ்க் குடும்பங்கள் பல, டிஸ்னியோடு வெகிவா, ப்ளூ ஸ்பிரிங் மாதிரி ஒரு மாநிலப் பூங்காவையும் சேர்த்துக்கொள்கின்றன. இந்த ஊற்று நீர் வருடம் முழுக்க 22 டிகிரிதான். கோடையில் அதைவிடச் சுகமான இடம் கிடையாது. ஆனால் பூங்காவுக்குப் போகும் சாலையோரம் டிரெய்லரில் கயாக்குகளை (துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு படகுகளை) அடுக்கி வைத்திருக்கும் ஒரு வாடகைக் கடை எங்கள் குழுவை நன்றாகவே ஏமாற்றிவிட்டது. அதே வேலையைச் செய்யும் கடைகள் இன்னும் இருக்கலாம்.

நடந்தது இதுதான். இருவர் உட்காரும் கயாக் இரண்டு எடுத்தோம். ‘பூங்கா நுழைவும் சேர்த்து’ என்று வாடகைக்கு மேல் தலைக்கு 15 டாலர் வாங்கினார்கள். பூங்கா வாசலில், கடை கொடுத்த சீட்டு செல்லாது என்றார்கள். ஃபுளோரிடா மாநிலப் பூங்காக்களில் பெரும்பாலும் தலைக்கணக்கு கிடையாது. 8 பேர் வரை இருக்கும் ஒரு காருக்கே 4 முதல் 6 டாலர்தான். பிறகு நடு ஆற்றில் ஒரு கயாக்கின் பின்பக்கம் தாழத் தொடங்கியது. திருப்பிக் கொடுத்ததும் கடைக்காரர் அடியில் ஒரு விரிசலைக் காட்டி, டெபாசிட்டில் 250 டாலரைப் பிடித்துக்கொண்டார்.

அந்த விரிசல் பழையது. அதன் ஓரம் மழுங்கி, இடுக்கில் பச்சைப் பாசி ஏறியிருந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டிய தடமும் தெரிந்தது. அன்றைக்கு உடைந்த பாலிஎதிலீன் பிளாஸ்டிக் என்றால் ஓரம் கூராக, உள்நிறம் புதிதாக இருக்கும். சில மணி நேரத்தில் பாசி வளராது.

வாடகைக்குக் கொடுப்பவை அநேகமாக மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை. உட்காரும் மேல்தட்டிலிருந்து அடிவரை குழாய் போல ஓட்டைகள் இருக்கும். அவற்றின் வழியே கொஞ்சம் நீர் இருக்கைக்கு வந்து போவது இயல்புதான். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. தட்டுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் கயாக் முழுவதும் கூடு, உள்ளே காற்று. ஓட்டைக்குள் கம்பி செருகித் தள்ளும் வண்டியில் நாள்தோறும் ஏற்றி இறக்கினால் குழாய் அடியோடு சேரும் இடத்தில் விரிசல் விடும். தரையில் தரதரவென்று இழுத்தால் பின்முனை தேய்ந்து ஓட்டையாகும். அந்த வழியாகக் கூட்டுக்குள் போகும் நீர் கண்ணுக்குத் தெரியாது. 20 லிட்டர் நுழைந்தால் 20 கிலோ. அது ஒரே இடத்திலும் நிற்காது. கயாக் சாயும் பக்கமே ஓடிச் சேர்ந்து, சாய்வை இன்னும் கூட்டும். நீச்சல் தெரியாதவர் கவிழ்வது இப்படித்தான். ‘சீட்டில் தண்ணி வர்றது நார்மல்தான்’ என்று கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியை மறைக்கத்தான் அது பயன்பட்டது.

எனவே கையெழுத்துப் போடுவதற்கு முன், முன்முனைக் கைப்பிடியைப் பிடித்துத் தலை உயரத்துக்குத் தூக்கி ஆட்டிப் பாருங்கள். உள்ளே சளசளவென்று சத்தம் வந்தால் அந்தக் கயாக் வேண்டாம். பின்முனைக்குப் பக்கத்தில் நீர் வடிக்கும் சிறு திருகு மூடி இருக்கும். அது இருக்கிறதா, இறுகுகிறதா, ரப்பர் வளையம் விட்டுப்போயிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். எங்களுக்குக் கொடுத்த ஒன்றில் வளையமே இல்லை. பிறகு கயாக்கைக் கவிழ்த்து, அடிப்பாகம் முழுவதையும் கடை ஆள் கண்முன்னே வீடியோ எடுங்கள். டெபாசிட் சண்டையில் இதற்கு நிகரான சாட்சி இல்லை.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள். எட்டு வயதுக் குழந்தைக்குப் பெரியவர் அளவைக் கொடுத்து ‘பட்டையை இழுத்துக் கட்டுங்க, போதும்’ என்றார்கள். போதாது. உள்ளே அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஒப்புதல் முத்திரையும் எடை வரம்பும் படிக்கும்படி இருக்க வேண்டும்: 30 முதல் 50 பவுண்டு வரை குழந்தை அளவு, 50 முதல் 90 வரை சிறுவர் அளவு, அதற்கு மேல் பெரியவர் அளவு. மாட்டிவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். தாடையைத் தாண்டி ஏறினால், தண்ணீரில் ஜாக்கெட் மட்டும் மிதக்கும், பிள்ளை நழுவிவிடும். ஃபுளோரிடாவில் 26 அடிக்குக் குறைவான படகு ஓடும்போது 6 வயதுக்குட்பட்டவர்கள் அதை அணிந்தே இருக்க வேண்டும் என்பது சட்டம். மற்ற பிள்ளைகளுக்கும் கழற்ற விடாதீர்கள்.

குளிர்காலத்தில் இன்னொரு புரட்டு நடக்கிறது: ப்ளூ ஸ்பிரிங் ஓடைக்குள் மேனட்டிகளுக்கு, அதாவது கடற்பசுக்களுக்கு, நடுவே கயாக் என்று விற்பது. கடற்பசுக்கள் வந்து தங்குவதால் நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை அந்த ஓடையில் நீச்சல், படகு எதற்கும் அனுமதி கிடையாது. பணம் வாங்கியவர் உங்களை வெளியே செயின்ட் ஜான்ஸ் ஆற்றில்தான் சுற்ற வைப்பார். ஓடைக் கரையோரம் மரப்பாதை போட்டிருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் கொடுத்து அதில் நடந்தாலே, தெளிந்த நீரில் கடற்பசுக்களைக் கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம்.

நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மதியத்துக்கு மேல் இடிமழை அடிக்கடி வரும். மதியம் 1 மணிக்குப் புறப்பட வைத்து, மின்னல் வந்தால் பணம் திரும்பாது என்று படிவத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். காலை 8 மணிக்குப் பூங்கா திறக்கும்போதே போய்விடுவது எல்லா விதத்திலும் நல்லது; விடுமுறை நாட்களில் கார்கள் நிரம்பியதும் வாசலை அடைத்துவிடுவார்கள். அப்படி அடைத்த பிறகு திரும்பி வருகிறவர்களைத்தான் இந்தச் சாலையோரக் கடை குறிவைக்கிறது. உள்ளேயே அனுமதி பெற்ற வாடகை நிலையம் உண்டா என்று முதல் நாளே பூங்காவின் இணையதளத்தில் பாருங்கள்.

வெளியில்தான் எடுக்க வேண்டும் என்றால், மாநில மீன், வனவிலங்கு ஆணையத்தின் அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். 2023 ஜனவரி முதல் படகு வாடகைக் கடைகளுக்கு அது கட்டாயம், கட்டணமும் இல்லை. காட்ட மறுப்பவரிடம் எடுக்காதீர்கள். பணத்தை ரொக்கமாகவோ ஸெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவை வழியாகவோ கொடுக்க வேண்டாம், போனால் போனதுதான். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், அந்தத் தொகை வந்த ஸ்டேட்மெண்ட் தேதியிலிருந்து 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்பலாம். வீடியோ, ரசீது, படிவ நகல் மூன்றையும் இணையுங்கள். கூடவே ஃபுளோரிடா வேளாண், நுகர்வோர் சேவைத் துறையில் புகார் பதியுங்கள். கசியும் படகு, முத்திரையில்லாத ஜாக்கெட் பற்றிய புகார் மட்டும் தனியாக மீன், வனவிலங்கு ஆணையத்துக்குப் போக வேண்டும்.