பட்ஜெட்டைச் சோதிப்பது யார்: ஐஎஃப்எஸ்ஸா, ஓபிஆரா?

பிரிட்டனில் அரசின் வரவு செலவைக் கேள்வி கேட்பதில் இரண்டு அமைப்புகள் முக்கியமானவை. நிதி ஆய்வு நிறுவனம் (ஐஎஃப்எஸ்) 1969இல் தொடங்கியது, அரசுக்கு வெளியே இயங்குவது. பட்ஜெட் பொறுப்பு அலுவலகம் (ஓபிஆர்) 2010இல் வந்தது. அரசுப் பணத்தில் நடந்தாலும் 2011ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குத் தன்னாட்சி தந்திருக்கிறது.

தகவல் என்று பார்த்தால் ஓபிஆரின் கைதான் ஓங்கியிருக்கும். அரசின் உள்கணக்குகளைக் கேட்டு வாங்கும் உரிமை அதற்கு உண்டு. ஆனால் எதிர்க்கட்சியின் திட்டம் தேறுமா என்று கேட்டால் வாயைத் திறக்காது, சட்டம் விடாது. ஐஎஃப்எஸ்ஸோ தேர்தல் வந்தால் கட்சிகளின் அறிக்கைகளைப் பிரித்து மேய்ந்துவிடும்.

2022 செப்டம்பரில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. நிதியமைச்சர் குவாசி குவார்டெங் சுமார் 4,500 கோடி பவுண்டு வரிக்குறைப்பை அறிவித்தார், அதுவும் ஓபிஆரின் மதிப்பீடு இல்லாமலே. அலுவலகம் தயாராகத்தான் இருந்தது. அமைச்சர் கேட்டால்தானே? ஐஎஃப்எஸ் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. 1972க்குப் பிறகு இவ்வளவு பெரிய வரிக்குறைப்பு இல்லை என்று அன்றே சொல்லிவிட்டது.

சரி, ஒன்றுதான் கிடைக்கும் என்றால்? நான் வெளியாளையே எடுப்பேன், பணம் எங்கிருந்து வருகிறது என்பதை அவர் மறைக்காதவரை.