18,500 ரூபாய் போனது: ஒன்லைனில் கார் எஞ்சின் பெல்ட் வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நேற்று இரவு ஒன்பது மணிக்கு அந்தக் கடைக்காரர் என்னை வாட்ஸ்அப்பில் பிளாக் பண்ணிவிட்டார். கடையின் பெயரைப் போடவில்லை. ஒன்லைனில் மட்டும் வியாபாரம் செய்கிற, கொழும்புப் பக்கத்து வாகன உதிரிப்பாகக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். போலிப் பெல்ட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கடைசியில் சொல்கிறேன்.

என்னுடையது 20 வருடம் தாண்டிய ஜப்பான் கார். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் ஒரு கீச்சு. போனட்டைத் திறந்து பார்த்தால் பெல்ட்டின் வரிகள் தேய்ந்து பள்ளமே தெரியவில்லை. நம் ஊரில் எல்லோரும் இதை இன்னும் ஃபேன் பெல்ட் என்றுதான் சொல்கிறார்கள். என் காரில் ஃபேனை மோட்டார் சுற்றுகிறது. இந்த ஒற்றைப் பெல்ட் சுற்றுவது பெட்டரியைச் சார்ஜ் பண்ணுகிற ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், பவர் ஸ்டியரிங் பம்ப், ஏசி கம்ப்ரசர் நான்கையும். அது போனால் நான்கும் ஒன்றாகப் போகும்.

டவுனில் எனக்குப் பழக்கமான நானா ஒருவர் கடை வைத்திருக்கிறார். பெல்ட்டும், அதை இழுத்துப் பிடித்து வைக்கிற டென்ஷனரும் சேர்த்து 21,000 சொன்னார், வர ஒரு கிழமையாகும் என்றார். ஒன்லைன் கடையில் 18,500, இரண்டு நாளில் வீட்டு வாசலுக்கு. 2,500 ரூபாய் மிச்சம் என்று கணக்குப் போட்ட மூளையைத்தான் இப்போது திட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் விழுந்த இடம் விலை மட்டும் இல்லை. அந்த ஒன்லைன் கடைப் பையன் முதலில் காசைப் பற்றிப் பேசவே இல்லை. "அண்ணா, சேசிஸ் நம்பரை அனுப்புங்க, செக் பண்ணிச் சொல்றன்" என்றான். அனுப்பினேன். கால் மணித்தியாலம் கழித்து ஒரு வொய்ஸ் வந்தது: "சரியா இருக்கு அண்ணா, ஒரிஜினல் ஜப்பான் சாமான். எங்கட வீட்டு வாகனத்துக்கும் இதைத்தான் போட்டிருக்கம்." சேசிஸ் நம்பர் கேட்கிறவன் தொழில் தெரிந்தவன் என்று நம்பிவிட்டேன். அன்று மாலையே 18,500 ரூபாயையும் முழுதாக பாங்கில் போட்டேன். முற்பணம்கூட இல்லை, முழுதாக.

ஞாயிற்றுக்கிழமை திருகோணமலை உவர்மலை வீட்டு முற்றத்தில் நானே மாட்டினேன். பெட்டரி வயரைக் கழற்றிவிட்டு, பழைய பெல்ட் எந்தப் புல்லியில் (பெல்ட் ஓடும் சக்கரம்) எப்படிச் சுற்றிப் போகிறது என்று போனில் படம் எடுத்துக்கொண்டேன் (போனட்டுக்குள் இருந்த ஸ்டிக்கர் எப்போதோ உரிந்து போய்விட்டது). டென்ஷனரை மாற்றி, அதை ஸ்பானரால் தள்ளிப் பிடித்து, வரிகள் ஒவ்வொரு புல்லியின் பள்ளத்திலும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். வேலை சுத்தம். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு, பின்னால் வருகிறது.

நாலாம் நாளே கீச்சு திரும்பி வந்தது. கேட்டால், "புதுப் பெல்ட் அண்ணா, கொஞ்ச நாள் சத்தம் இருக்கும்."

பதின்மூன்றாம் நாள், சனிக்கிழமை, மூதூருக்கு மாமி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. பெட்டரி லைட் சிவப்பாக எரிந்தது. அந்தப் பாலம் கிட்டத்தட்ட 400 மீற்றர். இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து மறுபக்கம் இறக்குவதற்குள் டெம்பரேச்சர் முள் ஏறத் தொடங்கியது. உடனே நிறுத்திவிட்டேன். வாட்டர் பம்ப் சுற்றாமல் இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால் சூட்டில் எஞ்சினின் ஹெட் கேஸ்கட்டும் போயிருக்கும். பின்சீட்டில் பிள்ளைகள், வெளியே நடு மத்தியான வெயில். கிண்ணியாக் கராஜ் பொடியன்கள் வந்து பார்த்தார்கள். பெல்ட்டின் ஒரு பக்க வரிகள் உரிந்து நூலாகத் தொங்கின. டென்ஷனர் புல்லியைக் கையால் சுற்றினால் மணல் அரைப்பது போலக் கரகரத்தது. பதின்மூன்று நாள் சாமான்! வீட்டுக்கு இழுத்து வந்த லொறிக் கூலி தனி.

வந்ததும் பழைய பெல்ட்டையும் புதியதையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டேன். புதியது ஒரு விரல் அகலம் கீழே நின்றது. வளையம் தொங்கும்போது பாதி நீளம்தானே தெரியும், ஆக மொத்தத்தில் இரண்டு விரல் கூட. மனைவியின் தையல் டேப்பால் அளந்தேன், அதேதான். பெல்ட்டில் அச்சடித்திருந்த நம்பர் மட்டும் சரி. நீளம் கூடியதால் டென்ஷனர் கடைசி எல்லைக்குப் போய், இழுக்க இடமில்லாமல், பெல்ட் வழுக்கி வழுக்கியே உரிந்திருக்கிறது. மாட்டுவதற்கு முன் இந்த ஆணி வேலையைச் செய்திருந்தால்... சரி, விடுங்கள்.

அப்புறம் தொடங்கியது சாட்டுக் கதை. முதலில், "நீங்க மாட்டினது பிழை." படங்களை அனுப்பினேன். "கராஜ் பாஸிட்ட எழுதி வாங்கி அனுப்புங்க." அனுப்பினேன். "லெட்டர்ஹெட் இல்லையே அண்ணா." பிறகு முதலாளி வெளிநாடு போயிருக்கிறாராம். நான் கேட்டது இரண்டில் ஒன்றுதான்: சரியான சாமான், இல்லாவிட்டால் 18,500. கடைசியில் "பாவிச்ச சாமானை எப்படி ரிட்டேர்ன் எடுக்கிறது?" என்று ஒரு வரி. அதற்குப் பிறகு பிளாக். அண்ணா, அண்ணா என்று கூப்பிட்ட வாய்!

நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கப்போகிறேன். கையில் இருப்பது பாங்க் ரசீதும் அந்த வொய்ஸும்தான். பில் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

கண்டுபிடிக்கும் வழி சொல்கிறேன் என்றேன். விரிவாக எழுத இப்போது மனமில்லை. பழைய பெல்ட்டை எறியாதீர்கள், புதியதோடு சேர்த்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். பெல்ட்டின் நம்பரில் 6பிகே என்று இருந்தால் ஆறு வரி, அதன் பின்னால் வருவது மில்லிமீற்றரில் நீளம். நம்பரை நம்பாமல் டேப்பை வையுங்கள். டென்ஷனர் புல்லியை மாட்டுவதற்கு முன் காதருகே வைத்துச் சுற்றுங்கள். சாமான் கைக்கு வராமல் முழுக் காசைப் போடாதீர்கள். பில் கேளுங்கள்.

இன்று வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்கு முன் நானா கடையைப் பூட்டிவிடுவார். 21,000 ரூபாயோடு போகிறேன்.