லியோனார்ட் கோஹனின் ‘மோர் பெஸ்ட் ஆஃப்’: ஐம்பதைக் கடந்த குரல்

நீண்ட காலம் பாடியவர்களின் புகழ்பெற்ற பாடல்களைத் திரட்டித் தரும் தொகுப்புகள் பெரும்பாலும் இளமைக் காலப் பாடல்களால் நிரம்பிவிடும். பிற்காலத்தவை இறுதியில் ஒன்றிரண்டு இருந்தாலே அதிகம். கனடாவின் கவிஞரும் பாடகருமான லியோனார்ட் கோஹனின் தொடக்கக் காலப் பாடல்கள் 1975-இலேயே ஒரு தொகுப்பாக வந்துவிட்டன. அதனால் 1997-இல் வெளியான ‘மோர் பெஸ்ட் ஆஃப் லியோனார்ட் கோஹன்’ தொகுப்பில் தொடக்கம் முதல் முடிவு வரை நாம் கேட்பது ஐம்பது வயதைக் கடந்த ஒருவரின் குரலை மட்டுமே. இத்தொகுப்பை நான் விரும்புவதற்கு முதற்காரணமும் அதுதான்.

1967-இல் முதல் ஆல்பம் வெளிவந்தபோது அவருடைய குரல் மெல்லியதாக, கிடாரின் நரம்போசையை ஒட்டியே செல்வதாக இருந்தது. வயதும் இடைவிடாத புகைப்பழக்கமும் அக்குரலை மந்தர ஸ்தாயிக்கு இறக்கிவிட்டன. பலருக்கு இழப்பாகியிருக்கக்கூடிய அம்மாற்றத்துக்கு ஏற்ப அவர் தம் பாட்டின் கட்டமைப்பையே மாற்றிக்கொண்டார் என்பதை இங்குள்ள முதல் எட்டுப் பாடல்கள் காட்டுகின்றன. கிடார் இருந்த இடத்துக்குக் கீபோர்டு வந்தது; மெட்டு ஏறி இறங்கும் பொறுப்பைப் பெண்குரல்கள் ஏற்றன; அவரோ பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே நின்றுகொண்டு, ஒவ்வொரு சொல்லையும் அதன் முழு எடையோடு வைத்தார். இந்த எட்டில் முதல் நான்கு 1988-இல் வந்த ‘ஐ'ம் யுவர் மேன்’ ஆல்பத்திலிருந்தும், அடுத்த நான்கு 1992-இன் ‘தி ஃப்யூச்சர்’ ஆல்பத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை.

‘டவர் ஆஃப் சாங்’ பாடலைச் சற்று நெருங்கிக் கேட்க வேண்டும். கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் தானே ஓடும் எளிய தாளம்தான் அதற்கு அடித்தளம். நடுவில் வரும் பியானோப் பகுதி, ஒற்றை விரலால் ஒவ்வொரு சுரமாகத் தேடித் தொடுவதைப் போல ஒலிக்கிறது. அந்த எளிமைக்கு நடுவே, தமக்குப் பிறவியிலேயே பொற்குரல் வாய்த்துவிட்டதாக அவர் அந்தக் கரகரத்த அடிக்குரலில் பாடும்போது சிரிப்பு வருகிறது. அடுத்த கணமே அது உண்மைதானே என்றும் தோன்றிவிடுகிறது. ஐந்தாண்டுகள் கழித்து, 1993-இல், சிறந்த ஆண் பாடகருக்கான ஜூனோ விருது, கனடாவின் இசை விருது, அவருக்கே கிடைத்தது.

ஸ்பானியக் கவிஞர் லோர்காவின் கவிதையைத் தழுவிய ‘டேக் திஸ் வால்ட்ஸ்’ பாடலில் பாடகி ஜெனிஃபர் வார்ன்ஸின் குரல் அவருடைய குரலுக்கு மேலே மிதந்து செல்வதும், ‘டெமாக்ரஸி’யில் படைநடையை ஒத்த முரசொலி விடாமல் முன்னேறுவதும் எத்தனை முறை கேட்டாலும் அலுக்காதவை. ‘ஆந்தம்’ எழுதி முடிக்க அவருக்குப் பல ஆண்டுகள் ஆயின. எல்லாவற்றிலும் விரிசல் உண்டு, ஒளி நுழைவது அதன் வழியேதான் என்னும் அதன் பல்லவி ஒவ்வொரு முறை திரும்பும்போதும் சற்றே கூடுதலான ஆறுதலோடு வருகிறது.

ஒன்பதாம் பாடலிலிருந்து தொகுப்பு தளர்கிறது. அங்கே தொடர்ந்து வரும் மூன்றும் 1994-இல் வெளியான மேடைக் கச்சேரி ஆல்பத்திலிருந்து எடுக்கப்பட்டவை. அவற்றுள் ‘டான்ஸ் மீ டு தி எண்ட் ஆஃப் லவ்’, ‘ஹாலெலூயா’ ஆகிய இரண்டும் 1984-இன் ‘வேரியஸ் பொசிஷன்ஸ்’ ஆல்பத்தில் முதலில் இடம்பெற்றவை. அந்த ஆல்பத்தை அமெரிக்காவில் வெளியிட அன்று மறுத்தது, பின்னாளில் இத்தொகுப்பைக் கொண்டுவந்த அதே கொலம்பியா நிறுவனம்தான். அதன் மூலப் பதிவுகளுக்கு இடம் தந்து அக்குறையைத் தீர்க்கக் கிடைத்த வாய்ப்பு வீணாகிவிட்டதே என்று எனக்கு வருத்தம். மேடை ‘ஹாலெலூயா’வின் சரணங்கள் பெரிதும் மாறியவை என்பதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு, ஆனாலும் காதோரம் பேசிக்கொண்டிருந்த குரல் திடீரென்று அரங்கத்துக்கு எழுந்து போய்விட, கைதட்டல் நடுவே வந்து நிற்கிறது. 1967-ஐச் சேர்ந்த ‘சூசன்’ இங்கு வர வேண்டிய தேவையே இல்லை. அதற்கு இடம் கொடுத்தவர்கள், 1988 ஆல்பத்தின் முதற்பாடலான ‘ஃபர்ஸ்ட் வி டேக் மன்ஹாட்டன்’ பாடலை விட்டுவிட்டது பொறுத்துக்கொள்ளக் கடினமான விடுபடல்.

புதிய பாடல்கள் இரண்டில் ‘நெவர் எனி குட்’ நன்றாக ஓடுகிறது, மனத்தில் தங்கவில்லை. இறுதியில் வரும் ‘தி கிரேட் ஈவென்ட்’ பாடலே அன்று. பீத்தோவனின் ‘மூன்லைட் சொனாட்டா’வைப் பின்னிருந்து முன்னாக வாசிப்பதைப் பற்றிய சிறு உரை. அதையும் அவர் பேசவில்லை. கணினியில் உருவாக்கிய குரல் ஒன்று படிக்கிறது.

1988, 1992 ஆல்பங்கள் இரண்டையும் ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு இதில் புதிதாகக் கிடைப்பது மிகக் குறைவு. அவரை முதன்முதலில் கேட்கப்போகிறவர்களுக்கு, குறிப்பாக இளமைக் காலப் பாடல்களின் சோகத்தில் சோர்ந்து விலகியவர்களுக்கு, நான் தயங்காமல் இதைத்தான் எடுத்துக் கொடுப்பேன். முதல் எட்டையும் வரிசை மாற்றாமல் ஒரே அமர்வில் கேளுங்கள். மேடைப் பதிவுகளை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.