குதிரைப் பந்தயப் 'பயிற்சியாளர் புள்ளிவிபரம்' வாங்கி 1,180 பவுண்ஸ் போனது, நீங்களும் விழுந்துவிடாதீர்கள்

1,180 பவுண்ஸ். இன்று காலை வங்கிக் கடிதத்தைப் படித்ததிலிருந்து இந்த எண்தான் மண்டைக்குள் ஓடுகிறது. 480 ஒரு எக்செல் கோப்புக்கு, 700 அந்தக் கோப்பை நம்பிக் குதிரைகளுக்குக் கட்டி இழந்தது.

லண்டனில் சனிக்கிழமைகளில் ஐந்து பத்துக்குக் குதிரை கட்டுகிற சாதாரண ஆள் நான். அந்தக் கோப்பை விற்கிறவர்கள் டிப்ஸ்காரர்கள், அதாவது எந்தக் குதிரை வெல்லும் என்று சொல்லிக் காசு வாங்குபவர்கள், என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை, புள்ளிவிபரம் விற்கிறார்களாம். எந்தப் பயிற்சியாளர் எந்த மைதானத்தில், எந்தத் தூரத்தில், எத்தனை நாள் ஓய்வு கொடுத்து இறக்கும் குதிரை எவ்வளவுக்கு வெல்கிறது என்று வரி வரியாக ஒரு கோப்பு, தினமும் காலையில் அதிலிருந்து அன்றைய குதிரைகள் வட்ஸ்அப்பில் வரும். 60 நாளில் லாபம் வராவிட்டால் காசு திரும்ப. கதைத்தது எங்கட பொடியன்தான், நல்ல மரியாதை. "அண்ணை, என்னை நம்ப வேண்டாம், ஏதாவது ஒரு வரியை எடுத்து நீங்களே சரிபாருங்கோ" என்றான்.

சரிபார்த்தேன், அதுதான் வயிற்றெரிச்சல். வுல்வர்ஹாம்ப்டன் மைதானத்து வரி ஒன்று: 22 ஓட்டம், 7 வெற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பவுண் கட்டியிருந்தால் 31 பவுண் லாபம். இரவு பதினொரு மணிக்குச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, ரேசிங் போஸ்ட் என்ற பந்தயப் பத்திரிகையில் பழைய முடிவுகளை ஒவ்வொன்றாகத் தேடி, கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் எழுதினேன். 22ம் சரி, 7ம் சரி. அடுத்த நாள் மத்தியானமே 480ஐ அனுப்பிவிட்டேன். கார்டு வேண்டாம், வங்கிக்கு நேராகப் போட்டால் கழிவு உண்டு என்றான், அதையும் கேட்டேன்.

எண்களில் பொய் இல்லை என்பதை இப்போதும் சொல்கிறேன். அந்த 7 வெற்றியில் ஒன்று 33/1 விலைக் குதிரை, அதாவது ஒரு பவுண் கட்டினால் 33 பவுண் லாபம். அதை எடுத்துவிட்டால் மிச்ச 21 ஓட்டத்தில் 2 பவுண் நட்டம். அந்த 33/1ஐ என் கையாலேயே எழுதியிருக்கிறேன், பில் இன்னும் இருக்கிறது, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வேறு போட்டிருக்கிறேன். பிரிட்டனில் 59 மைதானம், நூற்றுக்கணக்கான பயிற்சியாளர்கள், அதைத் தூரம், வயது, ஓய்வு நாள் என்று துண்டு துண்டாக வெட்டினால் எங்கேயாவது சில துண்டுகள் தற்செயலாகவே லாபத்தில் நிற்கும். அவற்றை மட்டும் பொறுக்கி ஒரு கோப்பில் போட்டால் அதற்கு விலை 480.

நிஜமாகவே வெல்லுகிற பயிற்சியாளர் யார் என்பது ஊருக்கே தெரியும். வில்லி முல்லின்ஸ் 2024 மார்ச்சில் செல்டனம் விழாவில் நூறாவது வெற்றியை எடுத்தவர், அவருடைய குதிரைக்கு யாராவது நல்ல விலை தருவார்களா? வெற்றி சதவீதம் வேறு, லாபம் வேறு. இது எனக்கு உறைக்க 112 குதிரை தேவைப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் பத்து பவுண், வென்றது 14, பாதிக்கு மேல் 2/1 இல்லாவிட்டால் அதற்கும் கீழே. செய்தியில் 8/1 என்று இருக்கும், நான் வேலையில் பிரேக் எடுத்துப் போனைத் திறக்க 9/2 ஆகக் குறைந்திருக்கும்.

அப்புறம்தான் சாட்டுகள். முதலில் "இப்ப கொஞ்சம் மோசமான காலம் அண்ணை, பொறுங்கோ." அடுத்து, 112 என்பது போதாதாம், 500 ஆவது பார்க்க வேண்டுமாம். எனக்கு விற்ற வரி 22 ஓட்டத்தில் நின்றது தம்பி! 60 நாள் முடிந்து காசைக் கேட்டதும், எல்லாக் குதிரைக்கும் அவர்கள் சொன்ன விலையிலேயே கட்டியதற்கு ஆதாரம் அனுப்பு என்றார்கள். அந்த விலை எனக்குக் கிடைக்கவே இல்லை என்று படத்தோடு அனுப்பினேன், 'அப்படியென்றால் நிபந்தனை மீறல்' என்று பதில் வந்தது. வாங்கியதை 14 நாளுக்குள் ரத்துச் செய்யும் உரிமையும் இல்லை, கோப்பு உடனே வேண்டும் என்ற பெட்டியில் நான் டிக் போட்டுவிட்டேனாம். இப்போது வட்ஸ்அப்பில் ஒற்றை டிக்தான். வங்கியோ, பொருள் கிடைத்திருக்கிறது, ஆகவே இது மோசடி அல்ல, உங்களுக்குள் உள்ள தகராறு என்று எழுதியிருக்கிறது. டிப்ஸ் விற்கச் சூதாட்ட ஆணையத்தின் லைசென்ஸே தேவையில்லை, அங்கே போயும் பயனில்லை.

இந்தக் கணக்குகளை எப்படிப் படிப்பது என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பின்னேர ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. அவசரத்துக்கு இவ்வளவும்: லாபம் காட்டினால் அதிலுள்ள பெரிய விலைக் குதிரையை முதலில் கழித்துப் பாருங்கள். பழைய வருடக் கணக்கைக் காட்டினால் அடுத்த வருடத்தில் அதே வரி என்ன ஆனது என்று கேளுங்கள். 100 பவுணுக்கு மேல் என்றால் கிரெடிட் கார்டில் மட்டும் கொடுங்கள், கேட்பதற்காவது ஒரு வழி இருக்கும்.

என் 1,180 வரப்போவதில்லை. நேற்று மச்சான் போனில் ஒரு விளம்பரம் காட்டினான், அதே கோப்பு, அதே வுல்வர்ஹாம்ப்டன் வரி, விலை இப்போது 395.